பொருளின்மேல் பற்று

பற்றை விட்டொழிப்பதே பெரியோர் நெறி என்று சிறுவயது முதல் கேட்டுக் கேட்டு, பொருள்களிடத்தில் அன்பு செலுத்துவதைச் சற்றே தாழ்ந்த குணமாக நினைக்கும் வழக்கம் நம்முள் ஊறிப்போயிருக்கிறது. மனிதரை நேசிக்கலாம், தெய்வத்தை நேசிக்கலாம், ஒரு செம்பையோ ஒரு படத்தையோ நேசிப்பது பேதைமை என்று சொல்லாமற் சொல்லிக்கொண்டுதான் வாழ்கிறோம். நான் காரைக்குடியில் பழைய சாமான்களை வாங்கி விற்று ஜீவனம் நடத்துகிறவன். கடைக்குப் பின்னால் உள்ள முற்றத்தில் செடிகள் வளர்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில், எங்கள் பகுதி ஊரணியைச் சுத்தம் செய்யும் சிறு கூட்டத்தோடு சேர்ந்து சிரமதானம் செய்கிறேன். முதலாவது வியாபாரம், இரண்டாவது பொழுதுபோக்கு, மூன்றாவது பரோபகாரம் என்று நண்பர்கள் இவற்றைப் பிரித்துவைத்து, மூன்றும் ஒருவனிடத்தில் எப்படிச் சேர்ந்தன என்று கேட்பதுண்டு. எனக்கு அவை மூன்றாகத் தோன்றவில்லை. நம் தெருக்களும் நீர்நிலைகளும் குப்பை மேடாகிக் கிடப்பதற்குக் காரணம், பொருள்களின்மேல் நாம் அளவுக்கு மிஞ்சிப் பற்று வைத்திருப்பது அன்று. வைக்கவேண்டிய பற்றை வைக்காமற் போனதுதான் என்பது, பல ஆண்டுகளாக என் மனத்தில் சிறிது சிறிதாக உருவாகி உறுதிப்பட்ட அபிப்பிராயம். அதைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறேன்.

முனீஸ்வரன் கோயில் தெருவையும் அதை ஒட்டிய சந்துகளையும் பார்த்தவர்களுக்கு இந்த வியாபாரத்தின் ஸ்வரூபத்தை விவரிக்க வேண்டியதில்லை. பித்தளை அண்டாக்கள், குத்துவிளக்குகள், அடியில் சுவீடன் என்று முத்திரை பதித்த எனாமல் தூக்குகள், ஜப்பான் பீங்கான், பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பூச்சுப் பெட்டிகள், மரப்பாச்சிகள், அஞ்சறைப் பெட்டிகள், கதவும் நிலையும் தூணும் என்று ஒரு காலத்து வாழ்க்கை முழுவதும் அங்கே வாசற்படிவரை வந்து அடுக்கியிருக்கும். இவையெல்லாம் எங்கிருந்து வந்தன என்பது துக்கம் கலந்த சரித்திரம். பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று கடல் கடந்து சென்று பொருளீட்டிய நகரத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி ஒரு நூறாண்டுக் காலம் இந்த வறண்ட பூமியில் அரண்மனை போன்ற வீடுகளை எழுப்பினார்கள். 1942இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தபோது பர்மாவில் இருந்த அவர்களுடைய பெருஞ்செல்வம் முடங்கியது. யுத்தம் முடிந்து அந்நாடு விடுதலை பெற்று நிலங்களை அரசுடைமையாக்கிய பின் அது திரும்பும் என்ற நம்பிக்கையும் போயிற்று. வீடு ஒன்று, அதற்குப் பங்காளிகள் பலர், அவர்களுள் ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில் என்றாகி, ஆண்டுக்கு ஒரு முறை படைப்புக்கோ ஒரு கல்யாணத்துக்கோ மட்டும் திறக்கப்படும் வீடுகள் பல; பராமரிக்க இயலாமல் பங்கு பிரித்து இடிக்கப்பட்டவையும் பல. இடிக்கப்படும் வீட்டில் தூணும் நிலையும் ஒருவருக்குப் போகும், ஓடும் கல்லும் இன்னொருவருக்குப் போகும், பாத்திரங்கள் பெரும்பாலும் எடைக்குப் போகும்.

எடைக்குப் போவது என்றால் என்ன என்பதை இந்தத் தொழிலில் இருப்பவனே முழுமையாக உணர்வான். தராசுக்கு ஒரு அண்டா இத்தனை கிலோ பித்தளை, அதற்குமேல் ஒன்றுமில்லை. அதன் விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். எந்தப் பெண்ணுக்கு எந்த ஊரிலிருந்து சீராக வந்தது என்பதை அந்த இரண்டு எழுத்து விலாசம் சொல்லும். அடிப்பாகத்தில் ஈயம் பூசிய தடமும், எத்தனையோ ஐப்பசி மாதங்களில் தீபாவளிக்குப் புளிபோட்டுத் துலக்கிய தேய்மானமும் தெரியும். உருக்குகிற பட்டறைக்கு இவை எதுவும் தேவையில்லை. ஒரு முறை கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு வீட்டுக்குச் சாமான் பார்க்கப் போயிருந்தபோது, வயது முதிர்ந்த ஓர் ஆச்சி, பேரப்பிள்ளைகள் விலை பேசிக்கொண்டிருந்த வரையில் தூணருகே பேசாமல் உட்கார்ந்திருந்தவர், நான் புறப்படும் சமயத்தில் அருகில் அழைத்து, “விலை கூடக் கொறைய இருந்தாலும் இருக்கட்டும் தம்பி, உருக்குறவன் கையில மட்டும் அந்தத் தவலையக் குடுத்துராதீக; எங்க ஆத்தா பேரு அதுல வெட்டியிருக்கு” என்றார். அந்த ஆச்சிக்குத் தவலை வேண்டாம். வைத்துக்கொள்ள இடமில்லை, தூக்கி வைக்க உடலில் பலமில்லை, அது போகட்டும் என்று அவரே சம்மதித்துவிட்டார். அது எங்கே போனாலும் தவலையாக இருக்கவேண்டும் என்பது ஒன்றே அவர் கேட்டது. தனக்கு என்று வைத்துக்கொள்ளும் ஆசை அடியோடு நீங்கிய பிறகும், அந்தப் பொருள் நன்றாக இருக்கவேண்டும் என்ற நினைவு நீங்காமல் நின்ற அந்த நிலையைப் பற்று என்று சொல்லிக் கண்டிப்பது நியாயமாகுமா? சந்நியாசிகள் எந்தப் பற்றை வெறுத்தார்களோ அது வேறு, இது வேறு.

படங்களின் விஷயத்தில் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். 1894இல் ராஜா ரவிவர்மா பம்பாயில் நிறுவிய அச்சுக்கூடத்திலிருந்து வந்த லக்ஷ்மியும் சரஸ்வதியும் செட்டிநாட்டு வீடுகளில் எத்தனையோ முகப்புகளை அலங்கரித்தன. சில வீடுகளில், அச்சான படத்தின்மேல் ஜரிகையும் ஜிகினாவும் பட்டுத்துணியும் ஒட்டி, தேவியின் புடைவையை மெய்யான புடைவையாகவே ஆக்கியிருப்பார்கள். ஆயிரக்கணக்கில் அச்சடித்த ஒரு காகிதம், ஒரு வீட்டுப் பெண்ணின் விரல்கள் பட்டதனால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரே படமாக மாறிவிடுகிற அற்புதத்தை நான் இந்தப் படங்களில்தான் கண்டேன். அவற்றைக் கலை என்று ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு; அவர்களோடு நான் வாதாடுவதில்லை, படத்தை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டுகிறேன். இங்கே வருந்தத்தக்க ஒரு வழக்கத்தையும் சொல்லவேண்டும். அந்தப் படங்களுக்குப் போட்ட சட்டம் பர்மாத் தேக்கு. சட்டத்தில் கண்ணாடி பதித்து முகம் பார்க்க வைத்துக்கொள்ளலாம் என்று கருதி வாங்க வருகிறவர்கள், படத்தை நீயே எடுத்துக்கொள் என்று பெருந்தன்மையோடு விட்டுச் செல்வார்கள். அவ்வாறு சட்டம் இழந்த படங்கள் என் கடையில் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன.

ரவிவர்மாவுக்குப் பிந்திய தலைமுறையின் படங்களுக்கு இந்த அளவு மதிப்புக்கூட இல்லை. 1898இல் பிறந்து, திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சில காலம் தங்கி, நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதி, கடைசியில் கோவில்பட்டியில் நிலைத்து, தேவி ஆர்ட் ஸ்டூடியோவில் சீடர்களுடன் உழைத்து 1976இல் மறைந்த கொண்டையராஜு வரைந்த முருகனும் மீனாக்ஷியும், சிவகாசி அச்சகங்களின் மூலமாகத் தமிழ்நாட்டின் கடைகளிலும் வீடுகளிலும் ஆண்டுதோறும் காலண்டர்களாகத் தொங்கின. ஒரு தேசத்து ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு தெய்வத்தை நினைக்கும்போது மனத்தில் எழுகிற முகத்தை வரைந்து கொடுத்தவர் அவர் என்றால் அது மிகையாகாது. ஆயினும் காலண்டர் என்பது டிசம்பரில் கழற்றப்படுவது. தேதித்தாள் தீர்ந்ததும் படத்தை மட்டும் கத்தரித்துச் சுவரில் ஒட்டிக்கொண்ட ஏழை வீடுகள் இல்லாதிருந்தால், அந்தப் படங்களிற் பலவற்றை இன்று நாம் பார்க்கவே முடியாது. நான் கண்டெடுத்தவற்றில் எனக்கு மிகவும் பிரியமான ஒன்று, புகையேறிய சமையலறைச் சுவரிலிருந்து அட்டையோடு பெயர்ந்து வந்தது. அதன் ஓரங்களில் ஜாக்கிரதையாகக் கத்தரித்த வளைவு இருக்கிறது. பழைய படத்தை ஈரத்துணியால் துடைக்கலாகாது, மென்மையான தூரிகையால் தூசி நீக்கவேண்டும், பின்னால் அடித்த மரப்பலகையின் அமிலம் காகிதத்தைப் பழுப்பாக்கும் ஆகையால் அதை எடுத்துவிடவேண்டும், ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று மழைக்காலத்தில் அடிக்கடி பிரித்துப் பார்க்கவேண்டும் என்ற சின்னஞ்சிறு விதிகளையெல்லாம் யாரும் எனக்குக் கடமையாக விதிக்கவில்லை. படத்தின்மேல் ஆசை வைத்தபின் அவை தாமே கடமைகளாக வந்து சேர்ந்தன.

இந்த மண்ணிலேயே அதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. காரைக்குடிக்கு அடுத்த கோட்டையூரில் 1926இல் பிறந்த ரோஜா முத்தையா செட்டியார், விளம்பரப் பலகை எழுதிச் சம்பாதித்த ஒரு சாதாரண மனிதர். சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் அவர் தேடித் தேடிச் சேர்த்தது புத்தகங்களை மட்டுமன்று. பத்திரிகைகள், நாடக நோட்டீஸ்கள், கல்யாண அழைப்பிதழ்கள் என்று, வாசித்த அன்றே மடித்து எறியப்படும் காகிதங்களையும் அவர் காப்பாற்றினார். 1992இல் அவர் காலமானபோது ஏறக்குறைய 1 லட்சம் உருப்படிகள் கோட்டையூர் வீட்டில் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை விலைக்கு வாங்கி, கடல் கடத்திக்கொண்டு போகாமல், தமிழ்நாட்டிலேயே நூலகமாக அமையச் செய்தது. இன்று தமிழ்ச் சரித்திரம் எழுதுகிற எவரும் சென்னையிலுள்ள அந்த நூலகத்தின் படியேறாமல் எழுத முடியாது. மூர் மார்க்கெட்டோ 1985இல் தீக்கிரையாயிற்று. முத்தையா செட்டியாருக்குப் பொதுத்தொண்டு செய்யும் நோக்கம் முதலில் இருந்ததா என்று நான் ஆராயவில்லை. காகிதத்தின்மேல் ஒரு தனிமனிதன் வைத்த பற்று, முற்றிக் கனிந்தபோது தானாகவே பொதுத்தொண்டு ஆயிற்று என்பதே எனக்கு முக்கியம்.

செடிகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, வளர்ப்பவர்கள் அறிவார்கள். விரிசல் விழுந்து விலைபோகாத ஊறுகாய் ஜாடிகளிலும் காது உடைந்த எனாமல் வாளிகளிலும் தூதுவளை, பிரண்டை, ஓமவல்லி, நந்தியாவட்டை என்று முற்றத்தில் வைத்திருக்கிறேன். கடைச் சாமானுக்கும் செடிக்கும் உள்ள பேதம், சாமான் நமக்காகக் காத்திருக்கும், செடி காத்திருக்காது என்பது. ஒரு விளக்கை நான்கு மாதம் கழித்துத் துலக்கினாலும் அது விளக்குதான். சித்திரை வெயிலில் நான்கு நாள் மறந்த செடி செடியாக இராது. அன்பு என்பது மனத்தில் இருந்தால் போதாது, குறித்த நேரத்தில் ஒரு செம்பு தண்ணீராக வெளிவந்தாகவேண்டும் என்ற பாடத்தை எனக்குச் செடிகள்தாம் கற்பித்தன. ஊரணிக்குப் போக வேண்டும் என்று நான் வாரந்தோறும் எழுவதற்கு அந்தப் பயிற்சியே காரணம் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊரணியும் ஒரு காலத்தில் சிரத்தையோடு செய்யப்பட்ட பொருள்தான். செம்பூரான் கல்லால் படித்துறை கட்டி, மேட்டுப் பொட்டலில் பெய்யும் மழைநீர் வழிதவறாமல் வந்து சேர வரத்துக்கால்களை வெட்டி, முதல் மழையின் அழுக்கு நீர் தெளிந்து உள்ளே வர ஏற்பாடு செய்து, மிஞ்சியது அடுத்த ஊரணிக்குப் போகக் கால் அமைத்து, ஆறில்லாத நாட்டில் வானத்தை மட்டும் நம்பி வாழக் கற்றவர்கள் செய்த அமைப்பு அது. குடிநீர் ஊரணியில் கால் கழுவக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததைப் பெரியவர்கள் சொல்கிறார்கள். எடுத்து வந்த தண்ணீர் கலங்கலாக இருந்தால் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைப்பார்கள். அந்த விதையிலுள்ள பொருள், நீரில் மிதக்கும் நுண்ணிய மண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கனக்கச் செய்ய, அவை அடியில் தங்கித் தண்ணீர் தெளியும். குழாய்த் தண்ணீர் வந்தது. அது வரவேண்டியதுதான், குடத்தோடு நெடுந்தூரம் நடந்த பெண்களின் சிரமத்தை நினைத்தால் அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் தண்ணீருக்காக ஊரணியைப் பார்த்தவர்கள் பார்ப்பதை நிறுத்தினார்கள். பார்ப்பதை நிறுத்தியதும் அது ஒரு பள்ளமாகத் தெரியத் தொடங்கியது. பள்ளத்தில் குப்பை கொட்டுவது யாருக்கும் பாவமாகத் தோன்றவில்லை.

அந்தக் குப்பையைக் கையால் எடுத்துப் பிரித்தவன் என்ற உரிமையில் சில விஷயங்கள் சொல்வேன். அதில் மிகுதியாக இருப்பவை, ஒரு முறைக்கு மேல் தொடுவதற்கென்றே செய்யப்படாதவை: ஷாம்புப் பொட்டலம், பாக்குப் பொட்டலம், தேநீர்க் குவளை, சாம்பார் கட்டிய பை. ஒரு முறை பயன்படும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது மிகவும் நல்ல காரியம். ஆயினும் தடைக்குள் வராத பொட்டலங்கள் இன்னும் கூடை கூடையாக வருகின்றன. இவற்றின்மேல் யாரும் பெயர் வெட்டுவதில்லை. இவற்றை யாரும் துலக்குவதில்லை. இவை கையில் இருக்கும் அந்தச் சில நிமிஷங்களிலும் யாரும் இவற்றைப் பார்ப்பதில்லை. அன்பு செலுத்த முடியாதபடி ஒரு பொருளைச் செய்துவிட்டு, அதை எறிந்தவனை மட்டும் கண்டிப்பது முழு நியாயம் ஆகாது என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு வகைக் குப்பையும் உண்டு. முதல் முறை அதைக் கண்டபோது எங்கள் கூட்டத்திலிருந்த இளைஞர்கள் கை வைக்கத் தயங்கி நின்றார்கள். ஊரணிக் கரையில் அரசமரம் நிற்கிறது. அதன் அடியில், கண்ணாடி உடைந்த சுவாமி படங்கள், மூக்கு உடைந்த பொம்மைகள், தேதி தீர்ந்த காலண்டர் முருகன், வெங்கடாசலபதி எல்லாரும் சாய்த்து வைக்கப்பட்டிருந்தார்கள். வீட்டில் வைத்துக்கொள்ளவும் மனமில்லை, குப்பைத் தொட்டியில் போடவும் மனம் துணியவில்லை. ஆகையால் மரத்தடியிலோ தண்ணீரிலோ கொண்டுவந்து விடுகிறார்கள். மழையில் காகிதம் கரைகிறது. கண்ணாடிச் சில்லும் ஆணியும் தகரமும் மண்ணில் தங்கிக் கால்நடைகளின் குளம்பில் ஏறுகின்றன. இதைக் கண்டு கோபித்தவர்கள் எங்களிடையே இருந்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. இத்தனை அலட்சியத்தின் நடுவே, ஒரு பொருளை வெறும் பொருள் என்று எறிய முடியாமல் ஒரு கை தயங்கியிருக்கிறதே, அந்தத் தயக்கம் இன்னும் மிஞ்சியிருக்கிறதே என்பதே என் மனத்தில் பட்டது. அந்தத் தயக்கத்துக்கு ஒரு நல்ல முடிவைக் காட்டினால் போதும். இப்பொழுது கண்ணாடியையும் சட்டத்தையும் தனியே பிரித்துப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புகிறோம். காகிதத்தில் பாதுகாக்கத்தக்கது இருந்தால் நான் எடுத்துவந்து தூசி நீக்கிப் பெட்டியில் வைக்கிறேன். எஞ்சியதைக் கரையின் மேட்டில் குழி வெட்டி மண்ணுக்குக் கொடுத்து மேலே ஒரு கன்று வைக்கிறோம். படத்தை மரத்தடியில் வைக்க வருகிறவர்கள் சிலர் இப்போது நேரே என் கடைக்கு வருகிறார்கள்.

பொருளை நேசிப்பது என்பதில் அதன் முடிவை அறிந்து அதற்கு வழிசெய்வதும் அடக்கம் என்று நம் முன்னோர்கள் அறிந்திருந்தார்கள். களிமண் பிள்ளையார் தண்ணீரில் கரைந்து மண்ணோடு மண்ணாவார். பிளாஸ்டர் பிள்ளையார் கரையாமல் அரைகுறையாகக் கிடப்பார். பனையோலைக் கொட்டான் மக்கிப்போகும். பித்தளையோ உருகி வேறு பாத்திரமாக மறுபடி பிறக்கும்; அந்த ஆச்சியின் வேண்டுகோளை நான் மதித்தாலும், உருக்குதல் முழுவதையும் தீமை என்று சொல்லமாட்டேன். ஓட்டை விழுந்து அடி தேய்ந்த குடம் உருகட்டும். தவலையாகவே இன்னும் ஒரு நூறாண்டு இருக்கக்கூடியதை எடைக்குப் போடுவதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

சுத்தம் செய்வதற்கும் விவேகம் வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் நல்லெண்ணத்தோடு நடந்த சுத்தத்தினால் நம் நாடு இழந்தவை கொஞ்சமல்ல. ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் உழவாரப்படையைக் கையிலேந்திக் கோயில் பிராகாரங்களில் புல்லைச் செதுக்கினார். அந்தத் திருப்பணி இன்றும் ஊருக்கு ஊர் அடியார் குழுக்களால் நடந்துவருகிறது. அவருடைய கருவி, எதைச் செதுக்கவேண்டும் எதை விடவேண்டும் என்று ஒவ்வோர் அடியிலும் குனிந்து பார்க்கச் செய்யும் கருவி. நம் காலத்தில் கோயிற் சுவர்களின்மேல் இயந்திரத்தால் மணலைப் பீய்ச்சி அடித்துக் கல்லைப் பளபளப்பாக்கியபோது, அழுக்கோடு சேர்ந்து கல்வெட்டுகளின் எழுத்துகளும் மழுங்கின. இதற்கு மாறாக, தஞ்சைப் பெரிய கோயிலில் நடந்ததை நினைக்கும்போது நெஞ்சு நிறைகிறது. அங்கே கருவறையைச் சுற்றிய இருண்ட பாதையில் நாயக்கர் காலத்து ஓவியங்களின் அடியில் சோழர் காலத்து ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார், பிற்பாடு தொல்லியல் துறை வல்லுநர்கள், மேலே இருந்த நாயக்கர் ஓவியத்தைச் சேதமின்றிப் பெயர்த்தெடுத்துத் தனியே பதித்துக் காத்து, அடியிலுள்ள சோழர் ஓவியத்தையும் வெளிக்கொணர்ந்தார்கள். ஒன்றுக்காக மற்றொன்றைச் சுரண்டி எறிந்துவிடவில்லை.

ஊரணிக் கரையில் எங்களுக்கும் சிறிய அளவில் அதே பிரச்சினை வருகிறது. உற்சாகமாக வருகிற இளைஞர்கள் பச்சையாகத் தெரிவதையெல்லாம் வெட்டிவிட விரும்புவார்கள். கரை மொட்டையாகத் தெரிந்தால்தான் வேலை நடந்தது என்று அவர்களுக்குத் திருப்தி. கோரையும் நாணலும் கரை மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, தும்பையும் கீழாநெல்லியும் களைகள் அல்ல, நீருக்குள் அல்லி இருந்தால் நிழலுக்கு மீன் தங்கும் என்று ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்வது என் பங்கு. சீமைக்கருவேலத்தை மாத்திரம் வேரோடு எடுக்கிறோம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்த அம்மரம், வரத்துக்காலில் முளைத்தால் நீர்வழியை அடைத்துவிடும். 2017இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டபோது நாடெங்கும் ஒரு வேகம் பிறந்தது. அந்த வேகத்தின் நடுவிலும், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கங்களில் அந்த மரத்தைக் கரியாக்கிப் பிழைக்கிற குடும்பங்கள் ஏராளம் என்பதை மறக்கலாகாது. அவர்களுக்கு அது விறகும் கூலியும். நாங்கள் வெட்டியதை அவர்களிடமே கொடுத்துவிடுகிறோம். வெட்டிய இடத்தில் மருதும் நாவலும் புங்கும் வைத்தோம். தேற்றா மரக்கன்று எளிதில் கிடைப்பதில்லை. ஒரு வனப்பகுதிக் கிராமத்திலிருந்து விதை வரவழைத்து என் முற்றத்தில் முளைக்கவைத்து, ஒரு சாண் வளர்ந்த பிறகு கரைக்குக் கொண்டுபோனோம். குழாய்த் தண்ணீர்க் காலத்தில் அந்தக் கொட்டையை உரைப்பவர் யார் என்று ஒருவர் கேட்டார். தண்ணீரைத் தெளிவிக்கும் மரம் தண்ணீரின் கரையிலேயே இல்லாமற் போவது எனக்குப் பொறுக்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.

நேசிக்கிற பொருளையெல்லாம் சொந்தமாக்கிக்கொள்ளலாகாது என்பதையும் இந்தத் தொழில் கற்பிக்கிறது. நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளையும் எழுபத்தைந்து ஆண்டு கடந்த கையெழுத்துச் சுவடியையும் தொல்பொருளாகக் கருதி, அவற்றை விற்பதற்கு உரிமம் வேண்டும், தனிமனிதர் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்று 1972ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது; மண்ணுக்குள் புதைந்திருந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட எந்தப் பொருளையும் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது 1878 முதல் இருந்துவரும் சட்டம். இவற்றைத் தொல்லை என்று முணுமுணுக்கும் வியாபாரிகள் உண்டு. 1976இல் தஞ்சைப் பக்கம் பத்தூரில் ஒரு கூலித்தொழிலாளி மண்வெட்டியால் வெட்டும்போது வெளிப்பட்ட நடராஜர், கைமாறிக் கைமாறி லண்டன் சேர்ந்து, அங்கே அந்த ஊரின் பாழடைந்த கோயிலே வாதியாக நின்று வழக்காடி, 1991இல் திரும்பி வந்த வரலாற்றை நான் அவர்களுக்குச் சொல்வதுண்டு. அந்த மூர்த்தியை விலைகொடுத்து வாங்கியவர்களும் அதன் அழகில் மயங்கித்தான் வாங்கியிருப்பார்கள். அந்த மயக்கத்தில் பத்தூருக்கு இடமில்லை. எங்கிருந்து வந்தது, யாருடையது என்று கேளாத அன்பு, பொருளின்மேல் வைத்த அன்பு ஆகாது, தன்மேல் வைத்த அன்பாகவே முடியும். ஊரணியில் தூர் எடுக்கும்போது துணி துவைக்கும் கல்லாகக் கிடந்த ஒரு பலகைக் கல்லைப் புரட்டியதில் எழுத்து தெரிந்தது. ஊரணி வெட்டிய தர்மத்தைச் சொல்லும் கல். அதற்கு நல்ல விலை தருவதாகச் சிலர் சொல்லியனுப்பினார்கள். அது ஊரணியின் பொருள். அதிகாரிகளுக்குத் தெரிவித்து, அவர்கள் படியெடுத்துக்கொண்டு போன பின், படித்துறையின் பக்கச் சுவரில் நிறுத்தியிருக்கிறோம்.

விற்கத்தக்கதை விற்பதில் எனக்கு மனக்கிலேசம் இல்லை. ஆச்சியின் தவலையைக் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு தம்பதி வாங்கிச் சென்றார்கள். புதுவீட்டு வாசலில் தண்ணீர் நிரப்பிப் பூ மிதக்கவிடப் போவதாகச் சொன்னார்கள். அது சமைக்கச் செய்த பாத்திரம் என்றாலும், பெயர் வெட்டிய இடத்தை அந்தப் பெண்மணி விரலால் தடவி வாசித்து, இது யார் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக் கொடுத்தனுப்பினேன். கடையிலுள்ள பொருளை அப்படிக் கைமாற்றிவிட முடிகிறது. வாங்குகிறவர் எதிரே நிற்கிறார், சொல்லவேண்டியதைச் சொல்லிவிடலாம். ஊரணியைக் கைமாற்றுவதுதான் கடினமாக இருக்கிறது. அதைப் பெற்றுக்கொள்ளப் போகிறவர்கள் இன்னும் பிறக்கவில்லை; அதை அறிந்தவர்களோ ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆகையால் எந்தக் கால் எந்தப் பொட்டலிலிருந்து வருகிறது, எந்த இடத்தில் வீடு கட்டி மறித்துவிட்டார்கள், எந்த மாதத்தில் தூர் எடுப்பது வழக்கம், எந்தக் கன்று யார் வைத்தது என்பதையெல்லாம் ஒரு பழைய கணக்குப் பேரேட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை தெற்கு வரத்துக்காலைப் பற்றி மட்டும் எழுதியாயிற்று. வடக்குக் காலின் வழியை நேரில் பார்த்த பெரியவர் ஒருவர் தேவகோட்டையில் மகன் வீட்டில் இருக்கிறார் என்று சொல்கிறார்கள். ஐப்பசி மழை பிடிக்குமுன் போய் அவரிடம் கேட்டு எழுதிவர வேண்டும்.